சித்தப்பாவின் கணக்கு நோட்டு: கோலாலம்பூரிலிருந்து பாங்காக் வரை தரைவழி

ஞாயிறு, கோலாலம்பூர்

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம். அங்கிருந்து பாங்காக் வரை பஸ், படகு, ரயில். பாங்காக்கிலிருந்து சென்னைக்கு மறுபடி விமானம். போன வழியே திரும்பி வராதபடி டிக்கெட் போட்டதில்தான் இந்தப் பயணத்தின் முதல் மிச்சம். கோலாலம்பூருக்கே போகவர எடுத்திருந்தால், பாங்காக்கிலிருந்து அங்கே திரும்புவதற்கென்று இன்னொரு கட்டணமும் ஒரு முழு நாளும் போயிருக்கும்.

கூட வருவது என் சித்தப்பா. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாஸ்போர்ட் எடுத்ததே ஓய்வுக்குப் பிறகுதான். "ரூம் வாடகை பாதியாகும்ல, உனக்கும் லாபம்தானே" என்று சொல்லி ஒட்டிக்கொண்டார். நியாயமான வாதம். கையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். தேதி, இடம், தொகை என்று பத்தி பிரித்து, ஒவ்வொரு செலவையும் செய்த அந்த நிமிடமே எழுதுகிறார். சில்லறை பாக்கியைக்கூட விடுவதில்லை.

விசாவில் இப்போது செலவே இல்லை. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசியா விசா கேட்பதில்லை, 30 நாள் தங்கலாம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை ஒன்றை நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம். ஆனால் கூகுளில் தேடினால், அந்த இலவச அட்டையை நிரப்பித் தரக் கட்டணம் கேட்கும் தளங்கள் வந்து நிற்கின்றன. அரசுத் தளத்தின் முகவரியைப் பார்த்து உள்ளே போங்கள். கட்டணம் கேட்கிறது என்றாலே அது தவறான தளம்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு விரைவு ரயில் 55 ரிங்கிட், அரை மணி நேரம். பஸ் 15 ரிங்கிட் அளவில், ஒரு மணி நேரம். ஒரு ரிங்கிட் இருபது ரூபாய்க்கு மேல் என்பதால், இரண்டு பேருக்குமாக வித்தியாசம் ஆயிரத்தைந்நூறு ரூபாயைத் தாண்டும். அதிகாலையில் வந்து இறங்கியவர்களுக்கு அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்து என்ன வேலை? அறைச் சாவி மதியம்தான் கிடைக்கும். பஸ்ஸில் ஏறினோம். டிரைவரே டிக்கெட்டைப் பார்த்து ஏற்றியதைச் சித்தப்பா ஒரு மாதிரி பார்த்தார். "அப்போ கண்டக்டர்?" "கிடையாது சித்தப்பா." அதற்கப்புறம் பிரிக்ஃபீல்ட்ஸ் வரும்வரை பேசவில்லை.

அறை பிரிக்ஃபீல்ட்ஸில். கோலாலம்பூர் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். அறை விலையை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. முன்பதிவுத் தளத்தில் காட்டும் விலையில் பெரும்பாலும் அது சேர்ந்திருக்காது, வரவேற்பறையில் கேட்பார்கள். வரி அறைக்குத்தான், ஆளுக்கு இல்லை. சித்தப்பாவின் பாதி வாடகை வாதம் இங்கேயும் செல்லுபடியானது.

பணம் மாற்றுவது பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். இந்தியாவை விட்டு வெளியே போகும்போது ஒருவர் 25,000 ரூபாய் வரை இந்திய நோட்டாகவே கொண்டுபோகலாம். பிரிக்ஃபீல்ட்ஸில் ரூபாயை வாங்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு மூன்று கடைப் பலகையைப் பார்த்துவிட்டு மாற்றினோம். விமான நிலையத்தில் மாற்றியது பஸ்ஸுக்குத் தேவையான அளவு மட்டும்.

வாழையிலைச் சாப்பாடு. ரசம் கேட்காமலேயே இரண்டாவது முறை வந்தது. சித்தப்பா நோட்டில் எழுதினார்.

திங்கள், பத்துமலை

சென்ட்ரலிலிருந்து பத்துமலைக்கு கம்யூட்டர் ரயில். கட்டணம் மூன்று ரிங்கிட்டுக்குள். ரயில் கோவில் வாசலிலேயே கொண்டு போய் இறக்குகிறது. இதற்கு டாக்சி பிடிப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

140 அடி முருகன் 2006ஆம் ஆண்டிலிருந்து நிற்கிறார். பின்னால் 272 படிகள், 2018இல் வானவில் வண்ணம் பூசியவை. தம்புசாமிப் பிள்ளை இங்கே முருகனுக்கு வேல் வைத்து வழிபாட்டைத் தொடங்கிவைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். மேல் குகைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கீழே உள்ள சில சிறிய குகைகளுக்குத்தான் கட்டணம். படியேறினோம், கும்பிட்டோம், இறங்கினோம். குரங்குகளுக்கு ஒரு வாழைப்பழ நஷ்டம். சித்தப்பா அதையும் நோட்டில் ஏற்றினார்: "குரங்கு வகையில்."

மாலையில் சும்மா நடந்தோம். இரட்டைக் கோபுரத்தின் மேலே ஏறக் கட்டணம் உண்டு, கீழே பூங்காவில் உட்கார்ந்து பார்க்க எதுவும் இல்லை. கோபுரத்தின் மேலே போனால் கோபுரம் தெரியாது என்பது சித்தப்பாவின் கட்சி. எனக்கும் அதில் மறுப்பில்லை.

செவ்வாய், பினாங்கு

பினாங்குக்கு ரயிலா பஸ்ஸா என்று ராத்திரி ஒரு சின்ன வாக்குவாதம். ரயில் நான்கு மணி நேரத்தை ஒட்டி, பஸ் ஐந்து மணி நேரம். பஸ்ஸில் கிட்டத்தட்ட பாதிக் கட்டணம்தான். "நான் முப்பது வருஷம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே போயிருக்கேன். இன்னிக்கு உக்காந்து போறேன், விடு" என்று சொல்லிவிட்டார். பஸ்தான்.

தெற்குப் பேருந்து முனையத்திலிருந்து வண்டிகள் அடுத்தடுத்து புறப்படுகின்றன. மூன்றே மூன்று இருக்கை ஒரு வரிசையில், கால் நீட்ட இடம். பினாங்கு ஒரு தீவு. தீவுக்கே போகும் வண்டிகளும் உண்டு. ஆனால் அவை நகரத்துக்கு வெளியே சுங்கை நிபோங்கில் விடும், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். நாங்கள் இக்கரையில் பட்டர்வொர்த்திலேயே இறங்கிப் படகில் ஏறினோம். இரண்டு ரிங்கிட் கொடுத்தால் தீவின் நகரமான ஜார்ஜ் டவுனின் நடுவிலேயே கொண்டு போய் விடுகிறது. கடல் காற்று வேறு.

இறங்கியதும் நகரப் பஸ். இங்கேதான் சித்தப்பாவுக்கு மலேசியாவின் மிகப் பெரிய அதிர்ச்சி. டிரைவர் பக்கத்தில் ஓர் உண்டியல் மாதிரிப் பெட்டி, அதில் காசைப் போட வேண்டும். பாக்கி தரமாட்டார்கள். ஐந்து ரிங்கிட் நோட்டு போட்டால் ஐந்தும் போச்சு.

"சில்லறை இல்லேன்னு சொன்னதுக்கு என்னைய மேனேஜர் வரைக்கும் இழுத்தானுங்க. இங்க வண்டியே சில்லறை குடுக்காதாம், யாரும் ஒண்ணும் கேக்கறதில்லையாம்!"

முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் டச் அண்ட் கோ அட்டை ஒன்று வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. கோலாலம்பூர் ரயில், பினாங்கு பஸ் எல்லாவற்றுக்கும் அதே அட்டைதான். ஜார்ஜ் டவுனுக்குள் சுற்றிவரும் இலவசப் பஸ்ஸும் உண்டு, பெயர் கேட். சித்தப்பா அதிலேயே ஒரு முழுச் சுற்று சுற்றினார். இறங்கச் சொன்னால், "காசா கேக்கறான்?" என்றார்.

புதன், ஜார்ஜ் டவுன்

இன்று நுழைவுக் கட்டணம் என்று ஒரு காசு கொடுக்கவில்லை. ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நகரம். பார்க்க வேண்டியது தெருக்கள்தான், தெருவுக்கு டிக்கெட் கிடையாது. ஆர்மீனியன் தெருவில் லிதுவேனியா ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்த சுவரோவியங்கள். சைக்கிளில் இரண்டு குழந்தைகள் இருக்கும் படத்துக்கு முன்னால் புகைப்படம் எடுக்க ஒரு வரிசையே நின்றது. குயின் தெருவில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோவில். கொஞ்சம் தள்ளி, தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் தொடங்கிவைத்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சீனக் குடும்பங்களின் மரவீட்டுத் துறைகள். எல்லாமே நடக்கும் தூரம்.

சாப்பாட்டைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். சிக்கனப் பயணம் என்றாலே பலர் பிரெட்டும் நூடுல்ஸும் கட்டிக்கொண்டு போகிறார்கள். இந்தப் பக்கத்து நாடுகளில் அது வீண். தெருவில் கிடைப்பதுதான் மலிவு, அதுதான் ருசியும். காலையில் நம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் இரண்டு, பருப்புக் குழம்பு, தே தாரிக் என்கிற ஆற்றிய டீ ஒன்று. இரண்டு பேருக்கும் சேர்த்து நம்மூர் நடுத்தர ஹோட்டல் டிபன் விலைதான். கடைக்காரர் "ஏழு வெள்ளி அண்ணே" என்று சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பா ஒரு நொடி முழித்துவிட்டு, வெள்ளி என்றால் ரிங்கிட்தான் என்று புரிந்து எண்ணிக் கொடுத்தார்.

மதியம் நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடித் தண்டு போட்டு, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தூக்கி விற்ற சாப்பாடு இன்று மலேசியாவுக்கே அடையாளம். இங்கே கவனம் தேவை. பல கடைகளில் விலைப் பலகை இருக்காது. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதை விரல் காட்டக் காட்டத் தட்டில் ஏறும், கடைசியில் கணக்கு. பெரிய இறால், மீன் தலை, கணவாய் முட்டை எல்லாம் விலை எகிறும். கோழி ஒரு துண்டு, வெண்டைக்காய், முட்டைக்கோஸ், எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொன்னால் வயிறும் நிறையும், பையும் தாங்கும். எதிர் மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பையன் இறாலாகக் காட்டிக்கொண்டே போனான். கணக்கு வந்ததும் இரண்டு முறை பார்த்தான். சித்தப்பா எனக்கு மட்டும் கேட்கும்படி "ஸ்டேஜ் தெரியாம ஏறிட்டான்" என்றார்.

பினாங்கு மலை ரயிலில் வெளிநாட்டவருக்கு 30 ரிங்கிட். தாவரவியல் பூங்கா பக்கமிருந்து நடந்தும் ஏறலாம், காசில்லை. ஆனால் சித்தப்பாவின் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. முப்பது ரிங்கிட்டும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. மலையை விட்டுவிட்டோம்.

வியாழன், எல்லையும் இரவு ரயிலும்

இன்றுதான் பயணத்தின் முதுகெலும்பு, அதனால் கொஞ்சம் நீளமாக.

பினாங்கிலிருந்து தாய்லாந்து ஹாட் யாய்க்கு வேன் விடுகிறார்கள். வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்வார்கள், வசதிதான். அதைவிடக் குறைந்த செலவில் ரயிலிலேயே போய்விடலாம். காலையில் படகில் பட்டர்வொர்த் திரும்பி, அங்கிருந்து கம்யூட்டர் ரயிலில் எல்லை ஊரான பாடாங் பெசார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், 12 ரிங்கிட்டுக்குள். ஏசி வண்டி, முன்பதிவு வேண்டியதில்லை.

வழியில் பெரும்பகுதி கெடா மாநிலம். அலோர் ஸ்டார் பக்கம் இருபுறமும் வயல்தான், தஞ்சாவூர்ப் பக்கம் போகிற மாதிரியே இருந்தது. கெடாதான் நம் கடாரம். 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த இடம். சித்தப்பாவிடம் சொன்னேன். "கப்பல் கட்டி, படை திரட்டி, எவ்வளவு செலவாகியிருக்கும்!" என்று கணக்கில் இறங்கிவிட்டார். எங்களுக்கு ஆளுக்கு 12 ரிங்கிட் என்பதில் அவருக்குப் பெருமை.

பாடாங் பெசார் நிலையத்தில் ஒரே கட்டிடத்துக்குள் இரண்டு நாட்டுக் குடியேற்ற அலுவலகங்களும் இருக்கின்றன. மலேசியா வெளியேற்ற முத்திரை, சில அடி தள்ளித் தாய்லாந்து நுழைவு முத்திரை. தாய்லாந்துக்கும் விசா இல்லாமலேயே நுழைந்தோம். விதி அடிக்கடி மாறுகிற நாடு, கிளம்பும் முன் தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். 2025 மே முதல் இங்கேயும் இணைய வருகை அட்டை கட்டாயம். வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், இலவசம். இதற்கும் போலித் தளங்கள் உண்டு. செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்டால் காட்டக் கொஞ்சம் ரொக்கம் தனியாக வைத்திருந்தோம், யாரும் கேட்கவில்லை.

எல்லையில் கடிகாரத்தைக் கவனியுங்கள். தாய்லாந்து நேரம் மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்னால். வடக்கே போகும்போது ஒரு மணி நேரம் லாபம். எதிர்த்திசையில் வருபவர்களுக்கு இதே விஷயம் ரயிலைத் தவறவிட வைக்கும். இங்கிருந்து ஹாட் யாய்க்குத் தாய்லாந்தின் சிறு ரயில், 50 பாட், ஒரு மணி நேரம். ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்கு மேல். நாளுக்கு மிகச் சில வண்டிகளே ஓடுவதால் மலேசிய ரயிலை அதற்கு ஏற்றபடி பிடிக்க வேண்டும்.

ஹாட் யாயில் சில மணி நேரம். பொரித்த வெங்காயம் மேலே தூவிய கோழி வறுவல் இந்த ஊரின் பெருமை, பசைச் சோற்றோடு சாப்பிட்டோம். மலேசியக்காரர்கள் வார இறுதிக்குக் கூட்டமாக வரும் ஊர் என்பதால் மிச்சமிருந்த ரிங்கிட்டைப் பல கடைகளில் வாங்கிக்கொள்கிறார்கள்.

பிறகு பாங்காக் இரவு ரயில். ஏறத்தாழ 950 கிலோமீட்டர். இரண்டாம் வகுப்பு ஏசி படுக்கை ஆயிரம் பாட்டை ஒட்டி வரும். ரயில்வேயின் சொந்தத் தளத்தில் முன்கூட்டியே எடுத்தோம், இடைத்தரகர் தளங்களில் இதற்கே மேலும் கேட்கிறார்கள். மேல் படுக்கை கீழ்ப் படுக்கையைவிட மலிவு, ஜன்னல் இருக்காது, கொஞ்சம் குறுகல். சித்தப்பாவுக்குக் கீழே, எனக்கு மேலே. விமானத்தில் போயிருந்தால் சில நேரம் இதே விலைக்குக்கூட டிக்கெட் கிடைக்கும். ஆனால் அதோடு ஹாட் யாயில் ஒரு ராத்திரி அறை, விமான நிலையத்துக்கு இரண்டு பக்கமும் வண்டிச் செலவு. ரயிலில் அறையும் வண்டியும் ஒன்றே. தரைவழியில் இரவுப் பயணம் கிடைக்கும் இடத்தில் பகல் டிக்கெட் எடுக்கக் கூடாது என்பது என் நிலையான கட்சி.

சாயங்காலம் ஒரு பணியாளர் வந்து இருக்கைகளை இழுத்து, மடக்கி, மெத்தை விரித்து, திரை மாட்டி, ஒரு படுக்கைக்கு இரண்டு நிமிடம்கூட எடுக்காமல் முடித்துவிட்டுப் போனார். சித்தப்பா எழுந்து நின்று முழுப் பெட்டியையும் அவர் முடிக்கும்வரை பார்த்தார். ஏசி குளிர் கடுமை, சால்வை இல்லாமல் வராதீர்கள். ரயிலில் மது 2014 முதல் தடை, அதனால் பெட்டி அமைதி.

வெள்ளி, பாங்காக்

காலையில் குருங் தெப் அபிவட் நிலையம். 2023 ஜனவரியிலிருந்து தொலைதூர ரயில்கள் இங்கேதான் வருகின்றன, பழைய நிலையமான ஹுவா லம்போங்குக்கு வருவதில்லை. பழைய பயணக் குறிப்புகளை நம்பி வந்தால் குழப்பம். வெளியே வராமலேயே மெட்ரோ பிடிக்கலாம்.

முதல் வேலை ஏடிஎம். தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டும் அதற்கு மேலும் பிடிக்கிறார்கள். ஆயிரம் எடுத்தாலும் இருபதாயிரம் எடுத்தாலும் அதே கட்டணம். அதனால் ஒரே முறை, முழுப் பயணத்துக்கும். அப்புறம் இயந்திரம் ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று. ரூபாயில் தொகையைக் காட்டி, வசதி மாதிரி ஆசை காட்டும். வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விலை இயந்திரம் வைத்த விலை, உங்கள் வங்கி தருவதைவிட மோசம். நம்மூர் அட்டைகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு மூன்றரை சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கிறார்கள். அது இல்லாத அட்டைகளும் இருக்கின்றன. கிளம்பும் முன் உங்கள் வங்கிக் கட்டணப் பட்டியலை ஒருமுறை படிப்பது, கடைத்தெருவில் பத்து பாட்டுக்குப் பேரம் பேசுவதைவிடப் பல மடங்கு மிச்சம் தரும்.

அறை சைனா டவுன் ஓரத்தில். மழைக்காலம் தொடங்கிவிட்டதால் வாடகை இறங்கியிருக்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் கொட்டும், மற்றபடி பிரச்சினையில்லை.

வெள்ளிக்கிழமை என்பதால் சீலோம் சாலை மாரியம்மன் கோவில். 1879இல் வைத்தி படையாட்சி என்ற தமிழர் கட்டியது. தாய்லாந்துக்காரர்கள்தான் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், கையில் சாமந்தி மாலை, தேங்காய், பழத்தட்டு. சித்தப்பா அர்ச்சகரிடம் தமிழில் பேசி, பேரன் பேருக்கு அர்ச்சனை செய்து, தட்டில் போட்ட காசை நோட்டில் எழுதவில்லை. கேட்டேன். "அது செலவு இல்லடா."

சனி, பாங்காக்

சனிக்கிழமை சித்தப்பா கவுச்சி தொடமாட்டார். பாங்காக்கில் சைவம் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மஞ்சள் நிறத்தில் சிவப்பெழுத்துப் போட்ட சிறு கொடியோ பலகையோ தொங்கும் கடைகளைத் தேடுங்கள். அது 'ஜே' சாப்பாடு: இறைச்சி, மீன், முட்டை எதுவும் இல்லை, பூண்டு வெங்காயம்கூட இல்லை. சோறும் இரண்டு வகைக் கூட்டும் ஐம்பது பாட் அளவில். மீன் சாஸ் பற்றிக் கடைக்காரரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை. தண்ணீருக்கு ஒரு வழி: குடியிருப்புத் தெருக்களில் காசு போட்டால் தண்ணீர் தரும் இயந்திரங்கள் நிற்கின்றன, ஒரு லிட்டர் ஒரு பாட் அளவில். பாட்டிலை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றில் போக ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு, எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 16 பாட். படகுத்துறையில் சுற்றுலாப் படகுக்கான கவுன்டர்தான் பளிச்சென்று முன்னால் இருக்கும், அங்கே விலை கூட. இரண்டும் அதே ஆறு. கொடியின் நிறத்தைப் பார்த்து ஏறினோம்.

அரண்மனை 500 பாட். வாட் போ என்ற புத்தர் கோவில் 300 பாட். தாய்லாந்துக் குடிமக்களுக்கு இவை இலவசம். இரட்டை விலையைப் பார்த்து வெளிநாட்டவர் நிறைய பேர் கோபப்படுகிறார்கள். மாமல்லபுரத்தில் நாம் 40 ரூபாய்க்குப் போகும் இடத்துக்கு வெளிநாட்டவரிடம் 600 வாங்குகிறோமே, அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது: வங்காள விரிகுடாப் பகுதி நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கில் இருக்கும் நாடு என்பதால் தாய்லாந்துக்காரர்கள் நம் தொல்லியல் துறை இடங்களுக்கு இந்தியர் கட்டணத்திலேயே நுழையலாம். இதைச் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. அரண்மனை வாசலிலேயே நின்று, "அவன் நம்ம ஊருல நாப்பது ரூபா, நாம இங்க ஐந்நூறு பாட்டா? டெல்லிக்கு எழுதணும்டா" என்று ஆரம்பித்துவிட்டார். அரண்மனையை வெளியிலிருந்தே பார்த்தோம். வாட் போவுக்கு மட்டும் காசு கொடுத்தோம். 46 மீட்டர் நீளப் படுத்த புத்தருக்கு முன்னால் சித்தப்பாவே சமாதானமாகிவிட்டார். வெளியே, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோவில் காட்டுகிறேன்" என்று சொல்லி ஆட்டோவுக்கு அழைக்கும் ஆட்கள் உண்டு. பேச்சு கொடுக்காமல் நடந்துவிடுங்கள், கடைசியில் நகைக்கடையில் கொண்டு போய் விடுவார்கள்.

திரும்பும்போதுதான் இன்றைய நிகழ்ச்சி. ஏசி இல்லாத சிவப்பு நகரப் பஸ், 8 பாட். ஜன்னல் எல்லாம் திறந்து, மரப் பலகைத் தரையோடு பழைய வண்டி. ஏறியதும் டக் டக் என்று சத்தம். பெண் கண்டக்டர் ஒருவர், கையில் நீண்ட உலோகக் குழாய். அதற்குள் டிக்கெட் சுருளும் சில்லறையும் இருக்கின்றன. மூடியைத் திறந்து மூடி அடிக்கும் சத்தம்தான் டிக்கெட் டிக்கெட் என்று அவர் கூப்பிடுவது.

சித்தப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பயணத்தில் பார்த்த முதல் கண்டக்டர். எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். அந்த அம்மாவுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. சித்தப்பா வலது கையில் இல்லாத டிக்கெட்டைக் கிழித்து, தோளில் இல்லாத பையைத் தட்டிக் காட்டி, வாயில் விசில் வைத்த மாதிரி ஊதிக் காட்டினார். அந்த அம்மா கையைத் தட்டிச் சிரித்துவிட்டுக் குழாயை அவரிடம் கொடுத்தார். சித்தப்பா மூடியை இரண்டு தட்டுத் தட்டினார், தாளம் சரியாகவே வந்தது. பின் இருக்கையில் இருந்த ஒரு பெரியவர் உண்மையிலேயே காசை நீட்டினார். நாங்கள் இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டது. கட்டணம் ஒன்றுதான் என்பதால் சித்தப்பா கவலைப்படவில்லை.

ஞாயிறு, அயுத்தயா

ஹுவா லம்போங் 1916இல் திறந்த நிலையம். உள்ளூர் ரயில்கள் இன்னும் இங்கிருந்து போகின்றன. மூன்றாம் வகுப்பில் அயுத்தயாவுக்கு 20 பாட்டை ஒட்டித்தான். மின்விசிறி, திறந்த ஜன்னல், கூடையில் வறுத்த வாழைப்பழம் விற்கும் பாட்டி. இதே இடத்துக்குப் பாங்காக்கில் விற்கும் ஒரு நாள் வேன் சுற்றுலாவின் விலை, இதைப்போலப் பல பத்து மடங்கு.

நிலையத்துக்கு எதிரே நடந்து, சிறு படகில் ஆற்றைத் தாண்டி, வாடகை சைக்கிள். 1350 வாக்கில் எழுந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்து, 1767இல் பர்மியப் படையிடம் வீழ்ந்த ஊர். தலையில்லாத புத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வாட் மகாதாட்டில் மர வேர்களுக்கு நடுவே ஒரு புத்தர் முகம். புகைப்படம் எடுப்பவர்கள் அந்த முகத்தைவிடத் தலையைத் தாழ்த்தி உட்கார வேண்டும், காவலர் கவனித்துக்கொண்டே இருக்கிறார். எல்லா இடிபாட்டுக்கும் டிக்கெட் வாங்க அவசியமில்லை. ஒன்றிரண்டுக்குள் போனோம், மற்றவை சாலையிலிருந்தே தெரிகின்றன. ரொட்டிக்குள் பஞ்சுமிட்டாயைச் சுருட்டித் தரும் ரொட்டி சாய் மாய் இங்கே பிரசித்தம்.

ரயிலில் திரும்பும்போது சித்தப்பா நோட்டை என்னிடம் காட்டினார். ஒரு பத்தியில் சாப்பாடு, இன்னொன்றில் தங்கல், மூன்றாவதில் பயணம். சாப்பாட்டுப் பத்தி தினமும் ஒரே மாதிரி, சின்னத் தொகை. ஊர் மாறிய நாட்களில் மட்டும் மூன்றாவது பத்தி பொங்கி வழிகிறது. "பாரு, ஓரிடத்துல உக்காந்தா செலவே இல்ல. நகர்ந்தாத்தான் காசு. எங்க டிப்போவுல டீசல் கணக்கும் இப்படித்தான்" என்றார். தாய்லாந்துக்கு வருகிறவர்கள் ஒரே வாரத்தில் புக்கெட், கிராபி, சியாங் மாய், பாங்காக் என்று நான்கையும் தொட்டுவிடப் பார்ப்பார்கள். பணம் அங்கேதான் கரைகிறது. சியாங் மாயும் போகலாம் என்று நான் வைத்திருந்த யோசனையை இந்த நோட்டைப் பார்த்த பிறகு எடுத்துப் பேசவே இல்லை.

திங்கள், டான் முவாங்

பாங்காக்கிலிருந்து டான் முவாங் விமான நிலையத்துக்கு மோ சிட் பக்கமிருந்து பஸ், 30 பாட்.

இனி சுமை விஷயம். குறைந்த கட்டண விமானத்தில் கைப்பை 7 கிலோ. அதற்கு மேல் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே வாங்குவது மலிவு, கவுன்டரில் மாட்டினால் டிக்கெட் விலைக்கு நெருங்கும். நாங்கள் வாங்கவில்லை. வரும்போது பிரச்சினையில்லை. திரும்பும்போது சித்திக்குப் பட்டுத் துண்டு, பேரனுக்குக் குட்டி ஆட்டோ பொம்மை, காய்ந்த துரியான் பாக்கெட்டுகள், அக்கம்பக்கத்துக்குப் பச்சைத் தைலம் என்று சேர்ந்துவிட்டது. பயணக் காப்பீட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று நான் சொன்னபோது முணுமுணுத்தவர், தைலத்தில் ஒரு டஜன் வாங்கினார்.

நேற்று ராத்திரி அறை வரவேற்பிலிருந்த தராசில் நிறுத்தோம். சித்தப்பாவின் பை ஒன்பதைத் தொட்டது. காலையில் அவர் இரண்டு பேண்ட், மூன்று சட்டை, அதற்கு மேல் ரயிலுக்கு வாங்கிய சால்வை. சட்டை, பேண்ட் பைகளில் தைலக் குப்பிகள். பாங்காக் வெயிலில், 30 பாட் பஸ்ஸில், வேர்த்து ஊற்ற வந்து சேர்ந்தார்.

கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், டிக்கெட்டைத் தந்தார், பையை நிறுக்கவே இல்லை. சித்தப்பா நகரவில்லை. பையைத் தூக்கித் தராசின் மேல் தானே வைத்து, "வெயிட் பாருங்கம்மா" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இழுத்துக்கொண்டு வருவதற்குள் 6.8 காட்டியது. இப்போது புறப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நோட்டில் அதை எழுதிக்கொண்டிருக்கிறார்.